கத்தரி வைக்கக் கூடாத நாய்

1. போன்

நாய்க்கு முடி வெட்டும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, கடி வாங்கியிருக்கீங்களா?" என்பதுதான். வாங்கியிருக்கிறேன். வலது கையில் ஏழு, இடது கையில் நான்கு, சொல்ல முடியாத இடத்தில் ஒன்று. அதெல்லாம் இந்தத் தொழில் கொடுக்கிற இன்கிரிமென்ட். ஆனால் நான் நிஜமாகவே வெலவெலத்துப் போய், அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நாய்க்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்த நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு நாய் என்னைக் கடிக்கவில்லை. நான்தான் நாயைக் காயப்படுத்தினேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

என்னைப் பற்றி ரெண்டு வரி. மருந்துக் கம்பெனியில் ரெப்பாகப் பை தூக்கிக்கொண்டிருந்தவன். முப்பத்தெட்டு வயதில் கம்பெனி என்னைக் கழற்றிவிட்டது. மூன்று மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தேன். மதுரை சிம்மக்கல்லில் வீடு. கடை கிடையாது. ஸ்கூட்டரின் பின்னால் மடக்கு மேசை, முன்னால் முடி வெட்டும் மெஷின், அதாவது கிளிப்பர், வைத்த பெட்டி. வீடு வீடாகப் போய்ச் செய்துகொடுப்பேன். கல்யாண வீடுகளில் என் சகலை என்னை அறிமுகப்படுத்தும்போது "அனிமல் லைன்ல இருக்காரு" என்பார். கேட்கிறவர்கள் மாட்டு வியாபாரம் என்று நினைத்து மரியாதையாகப் பேசுவார்கள்.

போன வருடம் கோடை தொடங்குகிற நேரம், பேரையூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, நாய்க்கு முடி வெட்டுறவுங்களா?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"எங்க வீட்டு நாய்க்கு முடி வெட்டக் கூடாது. அதுக்கு நீங்க வரணும்."

போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன்.

"வெட்டக் கூடாதுன்னா நான் எதுக்கும்மா?"

"சிக்கு எடுக்கணும். மேலு பூராம் சாக்கு மாதிரி ஆயிருச்சு. வெட்டாம எடுக்கணும். ஏன் எதுக்குண்டு வீட்டுக்கு வாங்க, சொல்றேன். போன்ல சொல்ற விஷயம் இல்ல."

அந்தச் சனிக்கிழமை எழுமலையில் ஒரு லேப்ரடாருக்கு நகம் வெட்டவும் குளிப்பாட்டவும் ஒப்புக்கொண்டிருந்தேன். அப்படியே பேரையூருக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்று சரி சொல்லிவிட்டேன்.

தொழிலுக்குப் புதியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'போன்ல சொல்ற விஷயம் இல்ல' என்று கஸ்டமர் சொன்னால், அதைப் போனிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

2. தாடிக்காரர்

கேட்டைத் திறந்தவருக்கு நெஞ்சு வரை தாடி. தலைமுடி தோளில் புரண்டது. நமக்கு வேலை இவரிடமா, நாயிடமா என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தேகமே வந்துவிட்டது. பெயர் அருள். உள்ளூர் பேங்க்கில் கிளார்க். அன்று அவருக்கு வேலை நாள்.

"உள்ள எங்கம்மா இருக்காங்க, வொய்ஃப் இருக்காங்க. போங்கண்ணே" என்று பைக்கை உதைத்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து தணிந்த குரலில் சொன்னார்: "வொய்ஃப் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசிறாதீங்க."

போனில் பேசிய அம்மா, அருளின் தாயார் ரோஸ்லின். மிஷன் பள்ளி ஒன்றில் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் ஹெலன் அதே பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். எட்டு மாதக் கர்ப்பம். நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. ஆண், சிட்ஸூ, பெயர் பஞ்சு. பெயர் வைத்த அன்று அப்படித்தான் இருந்திருக்கும். இப்போது பத்து வீட்டுக் கால் பட்ட மிதியடி ஒன்று எழுந்து நடந்து வருவதுபோல் இருந்தது. இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் மூன்று காலில் வந்தது.

முதுகில் விரலை விட்டுப் பார்த்தேன். போகவில்லை. முடி முடியாக இல்லை. தட்டையாகக் கெட்டித்து, தோலோடு ஒட்டி, ஒரே போர்வையாகிக் கிடந்தது. நாங்கள் இதை மேட்டிங் என்போம்.

"பிரஷ் போட்டு எம்புட்டு நாளாச்சு மேடம்?"

"ஏழு மாசம். பிரஷ் போட்டா முடி அறுந்து வருது. அதான் நிறுத்திட்டேன்."

"குளிப்பாட்டுறீங்களா?"

"தினமும் நாந்தான். தண்ணி பட்டா சிக்கு இளகும்ல."

இளகாது. தேங்காய் நாரை நனைத்து முறுக்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். சிக்கு விழுந்த நாயைக் குளிப்பாட்டினால் ஒவ்வொரு தடவையும் சிக்கு இறுகும். சிக்கை எடுத்த பிறகுதான் தண்ணீர். அதைச் சொன்னேன். ஹெலன் முகம் சுருங்கியது.

"ஏன் மேடம் வெட்டக் கூடாது?"

"வீட்டுல மாசமா இருக்கப்ப ஆம்பளைங்க முடி வெட்டக் கூடாதும்பாங்கல்ல."

"ஆமா, புருஷன் வெட்டக் கூடாதும்பாங்க."

"பஞ்சுவும் ஆம்பளதான அண்ணே."

நான் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் அன்று சிரித்த ஒரே ஆள் நான்தான்.

ரோஸ்லின் அம்மா வெடுக்கென்று சொன்னார்: "தம்பி, நான் மாமியா. இதெல்லாம் நான் சொல்லி, அவ மூஞ்சியத் தூக்கணும். இங்க எல்லாம் தலகீழா நடக்குது. நம்ம சபையில இதெல்லாம் இல்லம்மாண்டு நான் சொல்றேன். படிச்சவ கேக்க மாட்டேங்கிறா."

ஹெலன் கோபப்படவில்லை. வகுப்பில் பாடம் நடத்துவது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"அண்ணே, முடிக்கும் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கு நல்லாத் தெரியும். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ தங்கல. முதல் தடவ யார் என்ன சொன்னாலும் கேக்கல, இவர் வாராவாரம் ஷேவ் பண்ணாரு. ரெண்டாவது தடவ இவர் தாடிய விட்டாரு. பஞ்சுவ மதுரைக்குக் கொண்டுபோய் சம்மர் கட் பண்ணிட்டு வந்தோம். மறு வாரம் ஆச்சு. சம்பந்தம் இல்ல. ஆனா இந்தத் தடவ நான் எதையும் விட்டு வைக்கிறதா இல்ல."

ரெப்பாக இருந்த காலத்தில், மூன்று டாக்டர்கள் ஒரே நேரத்தில் குறுக்குக் கேள்வி கேட்டாலும் சளைக்காமல் பதில் சொன்ன வாய் இது. அன்றைக்கு அது வேலைக்கு ஆகவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: 'மேடம், நாய் ஒரு காலை ஊன்றவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பார்த்துச் சொல்கிறேன்.' இவ்வளவுதான். நான் சொன்னதோ இது:

"டிரை பண்றேன் மேடம்."

பதின்மூன்று வருட அனுபவத்தில் சொல்கிறேன். பயந்த ஆள் வாயில் வருகிற முதல் பொய் இதுதான்.

3. இரண்டு மணி நேரம்

மேசையை விரித்து ரப்பர் விரிப்பைப் போட்டேன். சோள மாவைத் தூவி, சிக்கெடுக்கும் ஸ்ப்ரேயை அடித்து, ஒவ்வொரு கட்டியையும் விரலால் கிழிக்கத் தொடங்கினேன். வேரைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து, கம்பிச் சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாக. ரோஸ்லின் அம்மா நாயைப் பிடித்துக்கொண்டார். ஹெலன் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. சீப்பை நிறுத்தினேன்.

"மேடம், இதுவும் முடிதான். போகுதே."

"தானா உதிர்றது பரவால்ல. கத்தரி, பிளேடு படக் கூடாது."

சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. சட்டத்துக்குக் கட்டுப்படாதது நாய்தான். அரைமணி நேரத்தில் பஞ்சு உதட்டை நக்க ஆரம்பித்தது. பிறகு கொட்டாவி விட்டது. "தூக்கம் வருது பாவம்" என்றார் ரோஸ்லின் அம்மா. அது தூக்கம் இல்லை. வலி தாங்காத நாய், கடிப்பதற்கு முன்னால் மரியாதையாகக் கொடுக்கிற நோட்டீஸ். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் சீப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு காதும், நெஞ்சில் உள்ளங்கை அளவும் தெளிந்தன. இந்தக் கணக்கில் முழு நாயையும் முடிக்கக் குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாள் ஆகும்.

அப்புறம் இடது பின்னங்காலைத் தொட்டேன். பஞ்சு காலை உதறி இழுத்துக்கொண்டது. அதற்குள் மூக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த மூக்கு. சீழ் வாசனை அதற்குப் பழக்கம். பாதத்துக்குச் சற்று மேலே, சிக்கு வளையல் மாதிரி காலைச் சுற்றி இறுகியிருந்தது. அதற்குக் கீழே பாதம் வீங்கி, சூடாக இருந்தது.

இதைச் சீப்பால் எடுக்க முடியாது. இன்றைக்கே வெட்டியாக வேண்டும். நிமிர்ந்து ஹெலனைப் பார்த்தேன். அவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்.

"முதுகு வலிக்குதுண்ணே. பத்து நிமிசம் படுத்துட்டு வாரேன். பாத்துக்கிருங்க."

"போங்க மேடம். நான் பாத்துக்கிறேன்" என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. உள்ளுக்குள், அப்பாடா, இப்போது சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தது.

அறைக் கதவு சாத்தியதும் ரோஸ்லின் அம்மா குனிந்து என் காதில் கிசுகிசுத்தார்.

"அந்தக் கால்ல மட்டும் வெட்டிருங்க தம்பி. உள்பக்கந்தான, தெரியாது."

"கேட்டாங்கன்னா?"

"தானா உதிந்துச்சுண்டு சொல்லுவோம். வெள்ளிக்கிழம உபவாச ஜெபத்துல நான் ஆண்டவர்ட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"எனக்கும் சேத்துக் கேட்டுருங்கம்மா" என்றேன். அவ்வளவுதான், முடிவு எடுத்தாயிற்று. நாயின் சொந்தக்காரி பத்தடி தூரத்தில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார்.

4. உதிர்ந்த முடி

நான் பயிற்சி கொடுக்கும் எல்லோருக்கும் முதல் நாளே ஒன்று சொல்வேன். சிக்கில் கத்தரி வைக்காதே. சிக்கு தோலைத் தன்னோடு கூடாரம் மாதிரி இழுத்துத் தூக்கி வைத்திருக்கும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கிளிப்பரில் பத்தாம் நம்பர் பிளேடு போட்டு, தோலோடு படுக்க வைத்து உள்ளே விடு. நேரமானாலும் பரவாயில்லை.

அன்றைக்கு நான் கத்தரியை எடுத்தேன். ஏனென்றால் கிளிப்பர் சத்தம் போடும். கத்தரி போடாது.

பாடம் நடத்துகிற ஆளே பாடத்தை மீறுவதற்கு இதைவிடக் கேவலமான காரணம் இருக்க முடியாது. எது நாய்க்குப் பாதுகாப்பு என்று நான் பார்க்கவில்லை. எது பக்கத்து அறைக்குக் கேட்காது என்று பார்த்தேன்.

ஒரு வெட்டு. நுனியில் கொஞ்சம் முடி விழுந்தது. இரண்டாவது வெட்டில் பஞ்சு போட்ட கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். விரலில் ஈரம் பட்டது. ரத்தம்.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ரத்தம் நிறுத்தும் பவுடரைப் பெட்டி முழுக்கத் தேடினேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. பஞ்சை எடுங்கம்மா என்றேன்; ரோஸ்லின் அம்மா நாயை எடுத்துக் கையில் கொடுத்தார். பிறகு என் தோளில் கிடந்த துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்தேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்துவிட்டார். கதவு திறந்தது.

ஹெலன் நின்றார். நான் அவரைப் பார்த்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தை அப்படியே சொன்னேன்.

"தானா உதிந்துச்சு மேடம்."

வலது கையில் கத்தரி. கத்தரியின் வாயில் முடி. துண்டில் ரத்தம்.

அவர் கத்தரியையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் இறங்கினார். ஒரு கை வயிற்றின்மேல் போனது. இங்கேயே, இப்போதே, ஏதாவது ஆகிவிட்டால்? "தண்ணி, மேடம், தண்ணி குடிங்க" என்று கைக்கு எட்டிய கிண்ணத்தை எடுத்தேன். எடுத்த வேகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானே குடித்துவிட்டேன். குடித்து முடித்த பிறகுதான் அதன் அடியில் எலும்புப் படம் போட்டிருந்ததைப் பார்த்தேன்.

ஹெலன் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"எம்புட்டு வெட்டுனீங்க?"

"ஒரு நகம் அளவு மேடம். தோல்லயும் லேசாப் பட்டுருச்சு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா வேணாம்பீங்கண்டு..."

"ஆமா, வேணாம்பேன். ஏன் வெட்டணும்ண்டு நீங்க சொல்லியிருக்கணும்ல? வந்து ரெண்டு மணி நேரமாச்சு. இந்தக் கால்ல இப்படி இருக்குண்டு ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னீங்களாண்ணே?"

சொல்லவில்லை. அவர் நம்பிக்கை முட்டாள்தனம், அதனால் காரணம் சொன்னாலும் எடுபடாது என்று நானே முடிவு கட்டிவிட்டிருக்கிறேன். அவரோ வந்ததிலிருந்து எல்லாக் காரணத்தையும் என்னிடம் சொல்லியிருந்தார்.

5. ஒவ்வொண்ணா

ரத்தம் நின்றதும் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். காலைக் காட்டினேன். வளையல் மாதிரி இருந்த சிக்கு, அதற்கு மேலே சின்ன நாய்க்கால், கீழே வீங்கிய பாதம். குனிந்து முகர்ந்து பார்த்தார். மாசமான பெண்ணிடம் அதையெல்லாம் காட்டலாமா என்று ரோஸ்லின் அம்மா முனகினார். "காட்டட்டும் அத்த" என்றார் ஹெலன்.

"இது எத்தன நாளா இருக்கும்?"

"மூணு வாரம், நாலு வாரம் இருக்கலாம். நான் டாக்டர் இல்ல மேடம். ஆனா இதுக்குமேல விட்டா பாதத்துக்கு ரத்தம் போகாது."

"தினமும் நாந்தான குளிப்பாட்டுனேன்" என்றார். யாரிடமும் சொன்னமாதிரி இல்லை. பஞ்சு அவர் விரலை நக்கிக்கொண்டிருந்தது. காயப்படுத்தியவன் நான் என்று அதற்குத் தெரியும். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சரி, வெட்டலாம்" என்றார் ஹெலன். "மொத்தமா இல்ல. ஒவ்வொண்ணாக் காட்டுங்க. அதுக்கு அடியில என்ன இருக்கு, வலிக்குமா வலிக்காதாண்டு சொல்லுங்க. வலிக்கிறத மட்டும் வெட்டுங்க. பாக்க அசிங்கமா இருக்குங்கிறதுக்காக ஒரு முடியும் வெட்டக் கூடாது."

கிளிப்பரை ஆன் செய்தேன். அந்தச் சத்தம் அவ்வளவு நிம்மதியாக எனக்கு அதற்கு முன்னால் கேட்டதில்லை.

கால் வளையல் முதலில். பிளேடைத் தோலோடு படுக்க வைத்து, சூடாகிறதா என்று அடிக்கடி விரலில் தொட்டுப் பார்த்து, ஒரு நூல் ஒரு நூலாக உள்ளே விட்டேன். ஹெலன் நாயின் தலையைத் தன் முழங்கையில் அணைத்துப் பிடித்தார். இருபது நிமிடத்தில் அது உடைந்து, காய்ந்த வறட்டித் துண்டு மாதிரி கையில் வந்தது. உள்பக்கம் ஒட்டுப்புல்லின் விதை ஒன்று ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வயல் ஓரம் நடக்கக் கூட்டிப்போன ஏதோ ஒரு நாளில் ஏறியிருக்க வேண்டும். அந்த விதையைச் சுற்றித்தான் சிக்கு சேர்ந்திருக்கிறது. கீழே காலைச் சுற்றி ஒரு வரி தோலே இல்லை.

"அடுத்தது?"

"அக்குள் மேடம். நடக்கும்போதெல்லாம் இழுக்கும்."

"வெட்டுங்க."

"வயித்துல இது. தோல் சிவந்திருக்கு."

"வெட்டுங்க."

"முதுகு. வலி அம்புட்டு இருக்காது. ஆனா உள்ள காத்துப் போகாம வேக்குரு மாதிரி வந்திருக்கு."

யோசித்தார். "வெட்டுங்க."

"வால் நுனி."

"வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"அப்ப விடுங்க."

தலைக்கும் தாடிக்கும் அதே கேள்வி, அதே பதில். ஒவ்வொரு தடவையும் நான் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்தார். இரண்டு இடத்தில் "தெரியல மேடம்" என்றேன். "அப்ப தெரியிற வரைக்கும் விடுங்க" என்றார். மருந்து ரெப்பாக இருந்தபோது, தெரியாது என்று சொன்னதற்காக ஒருவரும் என்னைப் பாராட்டியதில்லை. ஹெலனும் பாராட்டவில்லை. அடுத்த கட்டிக்கு நகர்ந்தார், அவ்வளவுதான்.

முடித்தபோது பஞ்சுவுக்கு உடம்பு மொட்டை. தலை, தாடி, வால் நுனி மட்டும் புதர். ரோஸ்லின் அம்மா பார்த்துவிட்டு, "அப்படியே எம்மவன்தான்" என்றார். ஹெலன் அப்போதுதான் சிரித்தார். நாயைத் தரையில் விட்டோம். அது இடது காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது.

அருளுக்குப் போன் போட்டு, பேங்க்கில் சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள். அவரும் நானும் நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனோம். டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இந்த வட்டக் காயம் சிக்கு இறுக்குனதால வந்தது. நல்லவேளை, பாதம் தப்பிச்சிருச்சு. மேல ஒண்ணு புதுசா இருக்கே, இது?"

நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"ரெண்டு தையல் போடணும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க, தையல் உங்களுக்கு இல்ல" என்றார்.

6. தாடி, இன்னொன்று

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. அருள் போட்டோ அனுப்பினார். எனக்குத்தான் ஆறவில்லை.

பிரசவத்துக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருந்தது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுப்பேன். முடிக்கும் குழந்தைக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஹெலனுக்குத் தெரிந்த அளவுக்கே தெரியும். அவருக்கு அது எந்த அளவுக்கு உதவியதோ, எனக்கும் அந்த அளவுக்கே உதவியது.

ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அவுக புருஷனே நிம்மதியா இருப்பாரு போல. நீங்க ஏன் வீட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடக்குறீக? அது கிடக்கட்டும், இது என்ன மூஞ்சியில?"

தடவிப் பார்த்தேன். தாடி. மூன்று வாரத்துத் தாடி. வெயிலுக்கு ஷேவ் பண்ணினால் எரிகிறது என்றேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனாலும் எடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பொமரேனியனுக்குக் காது சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அருள் கூப்பிட்டார். "அண்ணே, பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." நான் "சரி, சரி" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொமரேனியன் வீட்டுக்காரர் பதறிப்போய், "என்னண்ணே, நாய் கடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

இப்போது புது வீட்டுக்குப் போனால், இனம், வயது, தடுப்பூசி எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்கிறேன்: "இந்த நாய்க்கு முடி வெட்ட வேணாம்ண்டு வீட்டுல யாராவது நினைக்கிறாங்களா?" பெரும்பாலும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், பத்தில் ஒரு வீட்டில் யாராவது மெதுவாக ஏதாவது சொல்வார்கள். மாலை போட்டிருக்கிறோம், வீட்டில் ஒருவர் இறந்து பதினாறு நாள் ஆகவில்லை, இந்த முடியை வெளிநாட்டில் இருக்கும் மகள் வந்து பார்க்க வேண்டும் என்று. கேட்டுக்கொள்வேன். நான் பார்த்ததையும் சொல்வேன். பிறகுதான் பெட்டியைத் திறப்பேன்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது பஞ்சுவுக்கு முழு கிளிப்பிங் செய்யக் கூப்பிட்டார்கள். ஹெலன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். பாதி வேலையில், மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பிரசவத்துல வேற மாதிரி ஆயிருந்தா, என்னையத்தான சொல்லியிருப்பீங்க?"

தட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்.

"சொல்லியிருப்பேண்ணே. தப்புண்டு தெரிஞ்சே சொல்லியிருப்பேன்."

"நான் ஏத்துக்கிட்டிருப்பேன் மேடம்."

"எல்லாத்தையும் ஏத்துக்க வேண்டியதில்ல. நான் வெட்டுங்கண்டு சொல்லி நீங்க வெட்டுனதுல பாதி என்னோடது. அதுக்கு முன்னாடி, நான் படுத்திருந்தப்ப ஒரு நகம் அளவு வெட்டுனீங்க பாருங்க, அது மட்டும் பூராம் உங்களோடது."

குழந்தை ஏப்பம் விட்டது. நான் கிளிப்பரை அணைத்து, பிளேடு சூடாகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பிறகு பஞ்சுவின் வாலைத் தூக்கிக் காட்டி, "இது மேடம்?" என்று கேட்டேன்.

"வெட்டுங்க" என்றார்.